450 மீட்டருக்கு 41 நிமிடம்: ஒரு வழிசொல்லலின் நிகழ்வு ஆய்வு

அப்பாவுக்கு வீட்டிலேயே ஆக்சிஜன் கொடுக்க ஆரம்பித்து அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும், கரண்ட்டில் ஓடும் கான்சன்ட்ரேட்டர் ஒன்று, அது நின்றால் மாற்றிக்கொள்ள 10 லிட்டர் சிலிண்டர் ஒன்று. ஒரு நாள் ராத்திரி எட்டரை மணிக்குக் கான்சன்ட்ரேட்டர் விடாமல் அலறியது, கொஞ்ச நேரத்தில் நின்றும் போனது. சிலிண்டருக்கு மாற்றிவிட்டு, வாடகைக்குக் கொடுத்த நிறுவனத்தைக் கூப்பிட்டோம். ஆள் பக்கத்தில்தான் இருக்கிறார், இருபது நிமிடத்தில் வேறு மெஷினோடு வந்துவிடுவார் என்றார்கள். வாக்குத் தவறவில்லை. இருபதாவது நிமிடம் அவர் எங்கள் பகுதிக்கு வந்துவிட்டார். எங்கள் வாசலுக்கு வந்தது அதற்கு 41 நிமிடம் கழித்து.

இடைப்பட்ட தூரம் 450 மீட்டர். பிறகு நானே நடந்து அளந்தேன், ஆறு நிமிடம்கூட ஆகவில்லை.

அவருடைய முதல் அழைப்பு 8:52க்கு. அப்போது சிலிண்டரின் அழுத்தம் காட்டும் முள் 30 பாரில் நின்றது. 10 லிட்டர் சிலிண்டரில் 30 பார் என்றால் சுமார் 300 லிட்டர் வாயு. அப்பாவுக்கு நிமிடத்துக்கு 2 லிட்டர் போகிறது. ஆக 150 நிமிடத்துக்குத் தாங்கும். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் முள்ளைப் பார்த்துக்கொண்டே பேசுபவனின் வாயில் வார்த்தை எப்படி வரும் என்பதற்கு அன்று நானே சாட்சி.

என் போனில் அழைப்புகள் தானாகவே பதிவாகும். மறுநாள் ஐந்தையும் திரும்பக் கேட்டேன். பிறகு ஒருமுறை அந்த டெக்னீஷியன் சர்வீஸுக்கு வந்தபோது உட்காரவைத்து, அவர் பக்கத்தையும் கேட்டுக்கொண்டேன். இதை எழுத அவர் சம்மதித்தார். ஊர், பெயர் எதுவும் வேண்டாம் என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது, ஏனென்றால் இந்தக் கதை எந்த ஊரிலும் நடக்கக்கூடியது.

முதலில் இடத்தின் அமைப்பு. மெயின் ரோடு வடக்கு தெற்காகப் போகிறது. அதன் மேற்கு ஓரத்தில் ஒரு பெட்ரோல் பங்க். பங்க்கின் வடக்குச் சுவரை ஒட்டி மேற்கே ஒரு குறுக்குச் சாலை. அந்தக் குறுக்குச் சாலையில் போனால் வலப்பக்கம் வரிசையாகச் சந்துகள். இரண்டாவது சந்துதான் எங்களுடையது. உள்ளே நுழைந்தால் இடப்பக்கம் மூன்றாவது வீடு, நீல கேட். வீட்டின் பின்சுவர் மூன்றாவது சந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். குறுக்குச் சாலையின் மறு ஓரத்தில் முதலில் ஒரு பள்ளியின் நீளமான சுவர், அப்புறம் மூன்றாவது சந்துக்கு நேர் எதிரே ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி.

இதை எழுத எனக்கு ஏழெட்டு வாக்கியம் போதுமாக இருந்தது. அன்று ராத்திரி இதில் ஒன்றுகூட என் வாயில் வரவில்லை.

ஐந்து அழைப்புகள்

முதல் அழைப்பு 22 விநாடி.

"சார், பெட்ரோல் பங்க் தெரியுது. எப்படி வரணும்?"

"பங்க் தாண்டினதும் லெஃப்ட் எடுங்க. கொஞ்ச தூரம் வந்தா ரெண்டாவது கட், ரைட். உள்ள வந்தா மூணாவது வீடு, நீல கேட்."

"சரி சார்."

ஒன்பது நிமிடம் கழித்து இரண்டாவது.

"சார், ரெண்டாவது கட்ல ரைட் எடுத்துட்டேன். இங்க ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கு."

"ஆமா, டிரான்ஸ்ஃபார்மர்தான். அதைத் தாண்டி வாங்க, அவ்வளவுதான்."

"சரி சார்."

9:08க்கு மூன்றாவது.

"நீல கேட் இல்ல சார். பச்சை மாதிரி இருக்கு. தட்டினேன், நாய்தான் குரைக்குது."

"எங்க தெருவுல நாயே கிடையாதே!"

இதைச் சொன்ன பிறகுதான் அவர் வேறெங்கோ நிற்கிறார் என்பது எனக்கு உறைத்தது. எங்கே என்று கேட்கவில்லை. "விடுங்க, லொகேஷன் அனுப்பறேன்" என்று சொல்லி, அப்பா படுத்திருந்த பின் அறையில் நின்றபடியே அனுப்பினேன்.

9:19க்கு நான்காவது.

"மேப் வந்தாச்சுன்னு சொல்லுது சார். ஆனா இங்க சுவர்தான் இருக்கு."

"நான் கேட்டுக்கு வெளியதான் நிக்கிறேன். தெரியலையா?"

"தெருவுல யாருமே இல்ல சார்."

யாருமில்லாத தெருவைப் பார்த்து நானும் கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரே ஒரு வீடு, எங்கள் வீடு. நான் கத்திய "ஹலோ" தனக்குப் போனில் ஒரு தடவையும் மொட்டைமாடிக்கு மேலாக ஒரு தடவையும் கேட்டதாக அவர் பிற்பாடு சொல்லிச் சிரித்தார். அந்த நேரத்தில் இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. "ஓ, நீங்க பின்பக்கம் இருக்கீங்க. முன்னாடி வாங்க, முன்னாடி" என்றேன். அவர் வண்டியை முன்னால் எடுத்தார். அந்தச் சந்து அங்கே முட்டுச்சந்து.

9:28க்கு அவர் மறுபடி கூப்பிட்டபோது அம்மா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்.

"தம்பி, வண்டியை ஓரமா நிறுத்துங்க. நிறுத்தியாச்சா? இப்போ உங்களுக்கு எதிர்ல என்ன தெரியுது?"

"பெரிய தண்ணி டேங்க் தெரியுதும்மா. மேல சிவப்பு லைட் எரியுது."

"நல்லது. அதைப் பார்த்தே வாங்க. டேங்குக்கு முன்னாடி ஒரு ரோடு வரும், அதுல இடது கைப்பக்கம் திரும்புங்க. திரும்பினதும் வர்ற முதல் சந்து, மறுபடியும் இடது கைப்பக்கம். சந்துக்குள்ள நான் டார்ச் அடிச்சுக்கிட்டு நிப்பேன். வலது கைப்பக்கம் ஸ்கூல் சுவர் வந்துடுச்சுன்னா சந்தைத் தாண்டிட்டீங்கன்னு அர்த்தம். எங்க, ஒரு தடவை சொல்லுங்க பார்ப்போம்."

அவர் திருப்பிச் சொன்னார். 9:33க்கு மெஷின் வீட்டுக்குள் வந்தது. முள் 22இல் இருந்தது.

எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார்

பதிவைக் கேட்கும்போது முதலில் குத்தியது, முதல் அழைப்பில் நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை என்பதுதான். பங்க்கைத் தாண்டியதும் இடது, இரண்டாவது கட்டில் வலது, மூன்றாவது வீடு. தெற்கிலிருந்து வருபவருக்கு இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. நான் 11 வருடமாக வேலை முடிந்து தெற்கிலிருந்துதான் வீட்டுக்கு வருகிறேன். அவர் வந்தது வடக்கிலிருந்து.

வடக்கிலிருந்து வருபவருக்குக் குறுக்குச் சாலை பங்க்குக்கு முன்பே வந்துவிடும், அதுவும் வலப்பக்கம். அவர் என் சொல்லை மதித்து பங்க்கைத் தாண்டினார். இடது திரும்பினார். மெயின் ரோட்டின் கிழக்குப் பக்கத்துக்குள் போனார். அங்கும் இரண்டாவது கட் இருந்தது, அதில் வலது திரும்பினார், மூன்றாவது வீட்டைத் தட்டினார். வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தால், நான் சொன்ன வழியை அப்படியே அரை வட்டம் சுழற்றி வைத்த மாதிரி இருக்கிறது. வழி தப்பியது அவரல்ல. சொன்னதை அச்சுப் பிசகாமல் செய்த ஒரே ஆள் அன்று அவர்தான்.

இடது, வலது என்பவை ஆளோடு ஒட்டிக்கொண்டு திரும்பும் சொற்கள். ஆள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார் என்று தெரியாவிட்டால் அவற்றுக்குப் பொருளே இல்லை. ஆஸ்திரேலியாவின் வடக்கு குயின்ஸ்லாந்தில் பேசப்படும் கூகு யிமிதிர் மொழியில் இந்தத் தொல்லை கிடையாது. கையருகே இருக்கும் பொருளைக்கூட அவர்கள் வடக்கே, கிழக்கே என்றுதான் சொல்வார்கள். நம் பெரியவர்களும் "கிழக்கால போய் தெக்கால திரும்பு" என்பார்கள். கேட்கச் சுத்தமாக இருக்கும். பழகிய இடத்தில் பகல் வேளையில் அது கச்சிதமான முறை. புது இடத்தில், இருட்டில், ஹெல்மெட்டோடு நிற்பவரிடம் மேற்கே வா என்றால் அவர் வானத்தைத்தான் பார்ப்பார்.

போனிலேயே திசைகாட்டி இருக்கிறதே என்று தோன்றும். நின்ற இடத்திலேயே நிற்கும்போது ஜிபிஎஸ்ஸுக்கு நாம் எங்கே இருக்கிறோம் என்பது தெரியும், எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்பது தெரியாது. நகர்ந்தால்தான் முந்தைய புள்ளியையும் இப்போதைய புள்ளியையும் வைத்துத் திசையைக் கணிக்கும். நிற்கும்போது திசை காட்டுவது போனுக்குள் இருக்கும் காந்த உணரி. பக்கத்தில் இரும்பு இருந்தால் அது தடுமாறும். பைக்கின் ஹேண்டிலில் மாட்டிய போனுக்குச் சுற்றிலும் இரும்புதான். மேப் சொல்லும் பக்கம் பத்தடி போய், அப்புறம் திரும்பி வரும் வண்டிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அம்மா கேட்ட "எதிர்ல என்ன தெரியுது" என்ற ஒரு கேள்வியில் இரண்டு விடை கிடைத்தது. அவர் எங்கே நிற்கிறார் என்பது ஒன்று, எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார் என்பது இன்னொன்று. தொட்டி எதிரே தெரிகிறது என்றால் மூன்றாவது சந்தில் தெற்கே பார்த்து நிற்கிறார். அதற்கப்புறம்தான் "இடது கைப்பக்கம்" என்ற சொல்லுக்கே உயிர் வந்தது. அம்மா வண்டி ஓட்டுவதில்லை. எல்லா இடத்துக்கும் நடந்தே போகிறவர், எல்லாப் பக்கத்திலிருந்தும் வீட்டுக்கு வந்து பழகியவர். அவருக்கு இது இயல்பாக வந்ததற்கு அது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

டிரான்ஸ்ஃபார்மர்

மீதி எல்லாத் தவறையும் என்னால் மன்னித்துக்கொள்ள முடிகிறது. இரண்டாவது அழைப்பை மட்டும் முடியவில்லை.

அவர் தப்பான பக்கத்தில் இருக்கிறார் என்பது அப்போதே தெரிந்திருக்கலாம். அவராகவே ஒரு அடையாளம் சொன்னார். நான் சொல்லாத அடையாளம் அது. எங்கள் சந்து முனையிலும் டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. அதனால் கேட்டவுடனே தலையாட்டிவிட்டேன். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத குடியிருப்பு எது? கிழக்குப் பக்கத்தில் மட்டும் இரண்டு இருக்கின்றன. பிறகு போய் எண்ணினேன். "அது பக்கத்துல வேற என்ன இருக்கு, எதிர்ல என்ன இருக்கு" என்று இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால், பள்ளிச் சுவரும் இல்லை, தொட்டியும் இல்லை என்று தெரிந்திருக்கும். அரை மணி நேரம் மிஞ்சியிருக்கும். என் மனசு அவர் வந்துவிட வேண்டும் என்று துடித்தது. காது அதற்குத் தோதாக இருந்ததை மட்டும் எடுத்துக்கொண்டது.

இதே பிசகு இதைவிடப் பல மடங்கு பெரிய இடத்தில் நடந்திருக்கிறது. 2001 அக்டோபர் 8, இத்தாலியில் மிலான் நகரத்தின் லினாட்டே விமான நிலையம். காலை நேரம், கடும் மூடுபனி, இருநூறு மீட்டர் அளவுக்குத்தான் பார்வை. தரையில் நகரும் விமானங்களைக் காட்டும் ரேடார் இயக்கத்தில் இல்லை. ஒரு சிறிய ஜெட் விமானத்தை ஆர்5 என்ற பாதை வழியாகப் போகச் சொன்னார்கள். விமானி அதைச் சரியாகத் திருப்பியும் சொன்னார். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் ஆர்6இல் திரும்பிவிட்டார். அது ஓடுபாதையைக் குறுக்கே வெட்டிப் போகும் பாதை. போகும் வழியில் எஸ்4 என்ற குறி தரையில் தெரிவதாகக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னார். அந்தக் குறி கட்டுப்பாட்டாளர் கையிலிருந்த வரைபடத்தில் கிடையாது. அது எங்கே இருக்கிறது என்று தோண்டிக் கேட்கப்படவில்லை. விமானம் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது என்ற நினைப்பிலேயே தொடர்ந்து போகச் சொல்லப்பட்டது. அது ஓடுபாதைக்குள் நுழைந்த நேரம், ஒரு பயணிகள் விமானம் மேலெழுந்துகொண்டிருந்தது. 118 பேர் இறந்தார்கள்.

விசாரணை அந்த ஒரு உரையாடலோடு நிற்கவில்லை. அழிந்துபோன தரைக்குறிகள், பலகைகள், நடைமுறைகள், இல்லாத ரேடார் என்று நிறைய காரணங்கள் பட்டியலாயின. என் வீட்டு விஷயத்தை அதோடு ஒப்பிடுவது அளவில் அபத்தம்தான். ஆனாலும் எஸ்4 பற்றிப் படித்தபோது என் டிரான்ஸ்ஃபார்மர்தான் ஞாபகத்துக்கு வந்தது. வழி தேடுகிறவர் தானாகச் சொல்லும் அடையாளம் வழி சொல்பவருக்குப் புரியவில்லை என்றாலும் சரி, மிகச் சுலபமாகப் புரிந்துவிட்டாலும் சரி, அங்கேதான் நிறுத்திக் கேட்க வேண்டும்.

திருப்பிச் சொல்ல வைப்பதை அம்மாவின் திறமையாக முதலில் குறித்து வைத்திருந்தேன். லினாட்டேயைப் படித்த பிறகு அதன் மதிப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். வார்த்தை சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்பதை மட்டும்தான் அது சொல்லும். ஆள் சரியான இடத்தில் நிற்கிறாரா என்பதைச் சொல்லாது. முதல் அழைப்பில் அவரைத் திருப்பிச் சொல்ல வைத்திருந்தால், என் தப்பான வழியைப் பிழையில்லாமல் ஒப்பித்திருப்பார்.

அப்புறம் அந்த "சரி சார்." பதிவில் எண்ணினேன், 14 தடவை. புரிந்து சொன்ன சரி எத்தனை என்று அவரிடமே கேட்டேன். "ரெண்டோ மூணோ சார்" என்றார். மறுபடி கேட்டால் வாடிக்கையாளர் எரிந்து விழுகிறார்களாம். அதனால் சரி என்று சொல்லிவிட்டு, தெருவில் நிற்கிற யாரிடமாவது கேட்டுக்கொள்வாராம். அன்று தெருவில் யாருமில்லை.

முன்னாடி, பின்னாடி

தமிழில் வழி சொல்வதற்கென்றே சில வழுக்குச் சொற்கள் இருக்கின்றன. "முன்னாடி" அதில் தலைமை. "பங்க்குக்கு முன்னாடி திரும்புங்க" என்றால் பங்க் வருவதற்குள் திரும்புவதா, பங்க் வாசலுக்கு எதிரே திரும்புவதா? "முன்னாடி வாங்க" என்றால் கட்டடத்தின் முன்பக்கம் வருவதா, இருக்கும் இடத்திலிருந்து முன்னே நகர்வதா? நான் முதலாவதைச் சொன்னேன், அவர் இரண்டாவதைச் செய்தார். இரண்டும் நல்ல தமிழ். ஒன்பது நிமிடம் போனது அதில்தான். அம்மாவும் "டேங்குக்கு முன்னாடி ரோடு வரும்" என்றார், ஆனால் அங்கே எப்படிப் புரிந்துகொண்டாலும் அதே ரோடுதான்.

"அடுத்த சந்து" இன்னொன்று. சந்து முனையிலேயே நிற்பவருக்கு அது இந்தச் சந்தா, இதற்கு அடுத்ததா? "நேரா வாங்க" என்பது சாலை வளையாத வரைக்கும் சரி. "பக்கத்துலதான்", "கொஞ்ச தூரம்" ஆகியவை தூரத்தைவிடச் சொல்பவரின் மனநிலையைத்தான் அதிகம் காட்டும். ஜப்பானில் வீட்டு விளம்பரங்களில் "ரயில் நிலையத்திலிருந்து நடந்து ஐந்து நிமிடம்" என்று போடுவதற்கு விதி உண்டு: 80 மீட்டரை ஒரு நிமிடமாகக் கணக்கிட வேண்டும், மிச்சம் இருந்தால் மேல்நோக்கி முழுதாக்க வேண்டும். நடப்பவருக்கு நான் இப்போது அந்தக் கணக்கைத்தான் பயன்படுத்துகிறேன். வண்டியில் வருபவருக்கு நிமிடக் கணக்கே வேண்டாம்.

வண்டியில் வருபவரிடம் ஓடும்போதே பேசுவதும் வேண்டாம். சட்டமும் பாதுகாப்பும் ஒருபக்கம் இருக்கட்டும். மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு ஐந்தரை மீட்டர். நான் பத்து விநாடியில் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அவர் 55 மீட்டர் போய்விடுவார். எங்கள் பகுதியில் அது ஒரு சந்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி. அம்மாவின் முதல் வாக்கியமே வண்டியை நிறுத்தச் சொன்னது.

மேப் ஏன் சுவரில் கொண்டுபோய் விட்டது

லொகேஷன் அனுப்பினால் கதை முடிந்தது என்று நினைப்பவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

திறந்த வானத்தின் கீழ் ஒரு ஸ்மார்ட்போன் காட்டும் இடம் பொதுவாக ஐந்து மீட்டர் வட்டத்துக்குள் சரியாக இருக்கும். உயரமான கட்டடங்களுக்கு நடுவில் செயற்கைக்கோள் சமிக்ஞை சுவர்களில் பட்டுத் தெறித்து வரும், பிழை கூடும். வீட்டுக்குள் சமிக்ஞை இன்னும் மெலிந்துவிடும். அப்போது சுற்றியிருக்கும் வைஃபையையெல்லாம் வைத்துப் போன் ஊகிக்கும். நான் அனுப்பியது பின் அறையிலிருந்து. புள்ளி ஏறக்குறைய சரியாகவே விழுந்திருக்கிறது, வீட்டின் பின்பாதியில். அங்கேதான் வினை.

வண்டி ஓட்டுபவருக்கு வழி காட்டும்போது மேப் புள்ளிக்குக் கூட்டிப்போவதில்லை, புள்ளிக்கு மிக அருகில் உள்ள சாலைக்குத்தான் கூட்டிப்போகும். அதற்கு வாசல் எந்தப் பக்கம் என்பது தெரியாது, சுவர் இருப்பதும் தெரியாது. என் புள்ளிக்கு முன் சந்தைவிடப் பின் சந்து சில மீட்டர் கிட்டம். அவ்வளவுதான். அந்தப் பாதையில் வந்தவர் எங்கள் சந்து முனையைக் கடந்துதான் மூன்றாவது சந்துக்குப் போயிருக்கிறார். கேட்டில் நின்றுகொண்டிருந்த நான் ஒரு வண்டி சத்தம் வந்து போனதைக் கேட்டேன்.

இப்போது நான் அனுப்பும் புள்ளி கேட்டுக்கு வெளியே, தெருவின் நடுவிலிருந்து எடுத்தது. சேமித்து வைத்திருக்கிறேன். புள்ளியை எண்ணாக அனுப்புவதானால் தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் போதும், ஐந்தாவது இலக்கம் சுமார் ஒரு மீட்டரைக் குறிக்கும். மூன்று இலக்கத்தோடு வெட்டிவிட்டால் நூறு மீட்டர்வரை தள்ளிப்போகலாம், எங்கள் கணக்கில் இரண்டு சந்து. இடத்தை எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடாகச் சொல்லும் பிளஸ் கோடு என்ற முறையும் இருக்கிறது. வழக்கமான பத்து எழுத்துக் கோடு ஏறக்குறைய 14 மீட்டர் சதுரத்தைக் குறிக்கும். முன்சந்து, பின்சந்து குழப்பம் உள்ள வீட்டுக்கு இதிலும் எந்தச் சதுரத்தைக் கொடுக்கிறோம் என்பதைப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

திருத்தி எழுதியது

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, யார் வந்தாலும் அனுப்புவதற்கு ஒரு குறிப்பு எழுதினேன். முதல் வரைவு 16 வரி. பங்க், பள்ளி, தொட்டி, டிரான்ஸ்ஃபார்மர், முனைவீட்டு பால்கனி எல்லாம் அதில் இருந்தன. அம்மா படித்துவிட்டு, "இதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள வீட்டுக்கே வந்துடலாம்" என்றார்.

அவர் சொன்னதற்கு ஆதாரம் இருக்கிறது. மனிதர் ஒரே நேரத்தில் மனசில் பிடித்து வைக்கக்கூடியவை சுமார் நான்கு துண்டுகள்தான் என்று நெல்சன் கோவன் என்ற உளவியலாளர் 2001இல் வாதிட்டார். அதற்கு முன் பலரும் ஏழு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மிஷெல் தெனியும் அவருடைய சகாக்களும் 1999இல் வெளியிட்ட ஒரு ஆய்வு இன்னும் நேரடியானது. சந்தும் பாலமுமாகப் பின்னிக்கிடக்கும் வெனிஸ் நகரத்தில் ஊர்க்காரர்களிடம் வழி கேட்டுத் தொகுத்தார்கள். அவற்றில் தேவையென்று பலரும் ஒப்புக்கொண்டதை மட்டும் வைத்து எலும்புக்கூடு போன்ற ஒரு வழிக்குறிப்பைச் செய்தார்கள். ஊர் தெரியாதவர்கள் கையில் கொடுத்து நடக்கவிட்டபோது, அந்த எலும்புக்கூடு நல்ல விவரணைகளுக்கு ஈடாக வேலை செய்தது, மோசமான விவரணைகளோடு போனவர்கள்தான் அதிகம் தடுமாறினார்கள். எலும்புக்கூட்டில் மிஞ்சியவை முக்கியமாக இரண்டே: எங்கே திரும்புவது, அங்கே கண்ணில் படுவது என்ன.

இறுதியில் என் குறிப்பு இரண்டாகப் பிரிந்தது, வடக்கிலிருந்து வருபவருக்கு ஒன்று, தெற்கிலிருந்து வருபவருக்கு ஒன்று. வடக்குக் குறிப்பு இப்படி:

"பெட்ரோல் பங்க் வருவதற்குள், அதன் சுவரை ஒட்டி வலது கைப்பக்கம் ஒரு சாலை. பங்க் வாசல் வந்துவிட்டால் தாண்டிவிட்டீர்கள். அந்தச் சாலையில் இடது கைப்பக்கம் நீளமான பள்ளிச் சுவர் வரும். சுவர் முடியும் இடத்தில் வலது கைப்பக்கம் உள்ள சந்துக்குள் திரும்புங்கள். எதிரே தண்ணீர்த் தொட்டி வந்துவிட்டால் ஒரு சந்து தாண்டிவிட்டீர்கள். சந்துக்குள் இடப்பக்கம் நீல கேட்."

"இரண்டாவது சந்து" என்பதை எடுத்துவிட்டதைக் கவனித்திருக்கலாம். முதலில் அது இருந்தது. சோதனைக்கு வந்த ஒரு உறவுக்காரர் ஒரு வீட்டின் கார் போகும் வழியையும் சந்தென்று எண்ணி, முதல் சந்திலேயே திரும்பிவிட்டார். எண்ணிக்கை சொல்பவருக்கு எது சந்து என்பது தெரியும், கேட்பவருக்குத் தெரியாது. சுவர் முடியும் இடத்தை எண்ண வேண்டியதில்லை. டிரான்ஸ்ஃபார்மரும் போய்விட்டது, அது எங்கும் இருக்கிறது. தொட்டியைத் திருப்பத்துக்கு அடையாளமாக வைக்கவில்லை. தூரத்திலிருந்தே தெரியும் பொருள் எந்தப் பக்கம் போகிறோம் என்று பார்த்துக்கொள்ள நல்லது, எந்த இடத்தில் திரும்புவது என்பதற்கு உதவாது. நீல கேட் ராத்திரியில் கறுப்பாகத் தெரிகிறது என்று இன்னொருவர் சொன்னார். கேட்டுக்கு மேலே ஒரு விளக்கு மாட்டினோம்.

தாண்டிவிட்டால் தெரியும் அடையாளத்தைச் சேர்த்ததுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி. சரியான வழியை எவ்வளவு நன்றாகச் சொன்னாலும் ஆள் தவறக்கூடும். தவறியது தெரியாமல் அவர் எவ்வளவு தூரம் போகிறார் என்பதில்தான் நேரம் போகிறது. அன்று அவர் தவறியதைக் கண்டுபிடிக்க 16 நிமிடமும் ஒரு நாயும் தேவைப்பட்டன.

மூன்று மாதம் கழித்து அதே டெக்னீஷியன் ஃபில்டர் மாற்ற வந்தார். வேண்டுமென்றே தெற்குக் குறிப்பை அனுப்பி, தெற்கிலிருந்து வரச் சொன்னேன். ஒரு அழைப்பும் இல்லாமல் வாசலில் வந்து நின்றார். ஆனால் அவர் ஏற்கெனவே ஒருமுறை வந்தவர், அதை வெற்றியாக எண்ணுவது நியாயமில்லை.

பின்சுவர்ப் பிரச்சினை மட்டும் முழுதாகத் தீரவில்லை. யாராவது வீட்டு முகவரியை வைத்து அவர்களாகவே மேப்பில் தேடினால் இன்னும் மூன்றாவது சந்துக்குத்தான் வருகிறார்கள். போன வாரம் அந்தச் சுவரில் "வாசல் அடுத்த சந்தில்" என்று பெயிண்டில் எழுதி அம்பு போட முடிவு செய்தோம். வீட்டுக்குள் உட்கார்ந்து யோசித்துப் பார்த்து, அம்பு இடப்பக்கம் காட்ட வேண்டும் என்றேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் பெயிண்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு பின் சந்துக்குப் போனார், சுவருக்கு எதிரே நின்று பார்த்தார், வலப்பக்கம் போட்டார்.